காலி எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
காலை ஷிப்ட் எனக்கு.
லாரி ஏறும்போது அறை ஒருமுறை குலுங்கும்.
மாதத்தில் இரண்டு நாள்
அந்தக் குலுக்கல் என் அடிவயிற்றில் வந்துதான் நிற்கும்.
கழிப்பறை தமிழ்நாட்டில், பெட்ரோல் பங்க்கில்.
நாப்கின் மாற்ற நான்
மாநிலம் கடந்து போய்த் திரும்ப வேண்டும்.

மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கிய வருஷம்,
கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில்
முன்சீட்டுக்காரி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்:
சதகுப்பை, கருஞ்சீரகம், மரமஞ்சள்,
சமமாய் இடி, கருப்பட்டி சேர்.
"சூடா குடிடி, செத்துற மாட்டே."
யாருக்கோ சொன்ன வைத்தியத்தை
டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.
நல்லேப்பிள்ளியில் அவள் இறங்கிப் போனாள்.

அங்ஙாடி மருந்துக் கடையில் வாசுண்ணி
நிமிராமல் கேட்டார்:
"சதகுப்பயோ? பிரசவம் கழிஞ்ஞோ?"
பின்னால் மூன்று பேர் நின்றார்கள்,
ஒருவன் என் தம்பியோடு படித்தவன்.
ஆமாம் என்றேன்.
"குட்டி ஆணோ, பெண்ணோ?"
பெண்.
"பேரிட்டோ?"
அன்று காலை நெற்றியில் பெயர் எழுதி வந்த
தக்காளி லாரி ஞாபகம் வந்தது.
மெர்லின் என்றேன்.
அவர் சிரித்து, காசு வாங்காமல்
ஒரு துண்டு வசம்பும் சேர்த்துக் கட்டினார்,
மெர்லினுக்கு.

எடைமேடை அறையில் கெட்டில் உண்டு.
பொடி கொதித்தால்
கல்யாணச் சமையலும் ஆஸ்பத்திரியும்
ஒரே அறையில் நடப்பதுபோல் வாசனை.
"என்னம்மா, ரசமா?" என்றான்
உடுமலை டிரைவர்.
ரசம்தான் என்றேன்.

கேட்டால் சொல்கிறேன், வலி போகவில்லை.
முழு சீட்டிலும் காலை அகட்டி உட்கார்ந்திருந்த ஆள்
கொஞ்சம் தள்ளி இடம் விட்டதுபோல.
அந்த இடத்தில் உட்கார்ந்து
ரசீது போட முடிகிறது.
முன்பெல்லாம் குனிந்தபடியே போடுவேன்;
ஏழை எட்டாக அடித்து
ஒருமுறை சம்பளத்தில் பிடித்தார்கள்.

நாலாம் மாதம்,
"மெர்லின் கமிழ்ந்நோ?"
குப்புற விழுந்துட்டா என்றேன்.
ஏழாம் மாதம், "பல்லு வந்நோ?"
கீழே ரெண்டு.
இத்தனை மாதமாகவா பிரசவ மருந்து என்று
அவர் ஒருநாளும் கேட்கவில்லை.
தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம்.
என் மேசை இழுப்பறையில் ஏழு துண்டு வசம்பு;
ரசீதுக் கட்டெல்லாம் அந்த வாசனை.

ஒருநாள் லாரி மெர்லின் மறுபடி வந்தாள்.
மொத்த எடை பதினாறு டன் நானூற்றிப் பத்து.
கண்ணாடிக்கு வெளியே அந்த நெற்றியைப் பார்த்து
"வளர்ந்துட்டியே" என்று சொல்லிவிட்டேன்.
டிரைவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான்.

பங்குனியில் கடையில் வாசுண்ணி இல்லை.
மகள் ரெஜிதா, காதில் பேனா.
சதகுப்பை என்றதும் முகத்தைப் பார்த்தாள்.
"எத்ராமத்தெ திவசமா?"
முதல் நாள்.
தராசு நின்ற பிறகும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.
"மரமஞ்ஞள் குறச்சோ. எனிக்கு வயறெரியும்."
கல்லாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது.
அதைத் திறந்து காட்டவில்லை;
வாசனை வந்தது.

வசம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாது.
எதற்குத் தெரிய வேண்டும்.
முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக
பொய் சொல்லாமல் மருந்து வாங்கியிருக்கிறேன்,
சந்தோஷமாகத்தான் இரண்டு படி இறங்கினேன்.
பிறகு திரும்பிப் போய்
வசம்பு ஒரு துண்டு என்றேன்,
காசை எண்ணி வைத்து.